அவள் பக்கத்துச் சத்தம்

பாட்காஸ்ட் செய்யப் போகிறேன் என்று ஆபீஸில் சொன்னபோது, "அக்கா, அதுக்கெல்லாம் நல்ல மைக் வேணும்லா" என்றாள் எதிர் மேசைப் பெண். மைக் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மைக் நல்லதாக இருந்தால் வீட்டில் உள்ள கெட்டதெல்லாம் நன்றாகக் கேட்கும் என்று. காற்றாடி கேட்டது. குளிர்பெட்டி கேட்டது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா கூண்டில் வளர்க்கும் புறா, என் வீட்டிலேயே குடியிருப்பதுபோல் கேட்டது.

நான் மலாக்காவில், ஜாசின் ஊரில் ஒரு வக்கீல் ஆபீஸில் கிளார்க். ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். கதையெல்லாம் ஒன்றும் கிடையாது, ஆகவில்லை, அவ்வளவுதான். அம்மாவோடு தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருந்தேன். அம்மா போன பிறகு அதே வீட்டில் தனியாக இருக்கிறேன்.

பாட்காஸ்ட் யோசனை என்னுடையது அல்ல, என் தோழியுடையது. இரண்டு பேரும் ஜாசினுக்கு வெளியே ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே லயத்து வரிசையில் வீடு, ஒரே தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப் பள்ளிக்கு ஒரே பஸ். அவள் கல்யாணமாகி மாநிலத்தின் மறுகோடியில் லூபோக் சீனா பக்கம் போய்விட்டாள். கணவர் அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறார். மாமியார் கூடவே இருக்கிறார். மலாக்கா ஒன்றும் பெரிய மாநிலம் இல்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அதனாலேயே நாங்கள் போகாமல் இருந்தோம். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும்தான் சந்திப்பு.

அம்மாவின் கருமாதிக்கு வந்தவள், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு என்னோடு சமையல்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினாள். எதையோ சொல்லி என்னைச் சிரிக்கவும் வைத்துவிட்டாள். கருமாதி வீட்டில் சிரிக்கிறோமே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். "நம்ம பேச்ச ரெக்கார்ட் பண்ணி போட்டா நாலு பேரு கேப்பாங்கடி" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பதிவை போனில் பேசி அப்படியே பிடித்தோம். என் குரல் பரவாயில்லை. அவள் குரல் தகர டின்னுக்குள்ளிருந்து வந்தது. எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. ஆபீஸில் ஒரு எழுத்து தள்ளி விழுந்தாலும் பக்கத்தை மறுபடி அச்சடிப்பவள் நான். தேடிப் படித்துப் பார்த்ததில் வழி தெரிந்தது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பேச்சைப் பதியக் கூடாது. அவரவர் வீட்டில் அவரவர் மைக்கில் தன் குரலை மட்டும் தனியாகப் பதிய வேண்டும். பிறகு இரண்டு பதிவையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துச் சேர்த்தால், ஒரே அறையில் உட்கார்ந்து பேசியது மாதிரி இருக்கும். இரண்டும் சரியாகப் பொருந்துவதற்கு ஆரம்பத்தில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை தட்ட வேண்டும். திரையில் இரண்டு தட்டலும் இரண்டு முள்ளாக நிற்கும். முள்ளுக்கு நேராக முள்ளை இழுத்து வைத்தால் போதும்.

அவளுக்கும் ஒரு மைக் வாங்கி கூரியரில் அனுப்பினேன். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக். அதை அவள் தன் போனில் மாட்டிப் பதிய வேண்டும். என்னோடு பேசுவதற்கு மகளுடைய மடிக்கணினி. என் குரல் அவள் மைக்கில் விழாமல் இருக்கக் காதில் இயர்போன். "ஒரு பேச்சு பேசறதுக்கு இவ்ளோ வயரா" என்று கேட்டாள். கேட்டாலும் சொன்னதையெல்லாம் செய்தாள்.

என் வீட்டில் அம்மாவின் அறையைத்தான் எடுத்துக்கொண்டேன், சாலையிலிருந்து தள்ளியிருப்பது அதுதான். யாரோ சொன்னார்கள் என்று பாசாரில் முட்டைக்காரரிடம் முட்டை அட்டைகளைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. அறை மட்டும் கோழிப்பண்ணை மாதிரி ஆயிற்று. அதைப் பிய்த்துப்போட்டுவிட்டு, விருந்தாளிகள் வந்தால் தரையில் விரிக்கும் தோத்தோ மெத்தைகளை எடுத்துச் சுவரோடு நிறுத்தினேன். விருந்தாளி யாரும் வருவதில்லை, அதனால் எல்லாம் புதுசாகவே இருந்தன. அம்மாவின் புடவைகளைக் கயிற்றில் தொங்கவிட்டேன். அதன் பிறகு அறையில் கை தட்டினால் தட்டிய இடத்திலேயே சத்தம் செத்துவிடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். நேராகப் பார்த்துப் பேசக் கூடாது, கொஞ்சம் ஓரமாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் பட்டாசு வெடிக்கும். பேசும் நேரத்துக்குக் காற்றாடியும் குளிர்பெட்டியும் நிற்க வேண்டும். ஒரு வாரம் குளிர்பெட்டியைத் திரும்பப் போட மறந்து, வாங்கி வைத்த கெம்போங் மீன் எல்லாம் நாறியது. பாட்காஸ்ட்டுக்கு நான் கொடுத்த பலி என்று அவளிடம் சொன்னேன்.

மைக்குக்கு முன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. சின்ன வயதிலிருந்து ரேடியோ கேட்டு வளர்ந்த கூட்டம். மைக்கைக் கண்டால் வாய் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். மைக் வைத்துச் செய்த முதல் பதிவில் அவள், "அன்பார்ந்த நேயர்களே, இன்றைய இனிய பொழுதிலே" என்று ஆரம்பித்தாள். நானும் விடாமல் "ஆம், மிக அருமையாகச் சொன்னீர்கள்" என்றேன். வாழ்நாளில் அவளை நான் நீங்கள் என்று சொன்னதே இல்லை. இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று. அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே போட்டேன். இன்றுவரை அதைத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் பதிவு. தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். கூண்டுப்புறாகூட வெயிலுக்குப் பேசாது. பேச்சு முடிந்த பிறகு நான் மட்டும் அரை நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து ஒன்றுமில்லாத அறையைப் பதிவேன். அதுவும் தொழிலில் ஒரு முறை. பேச்சுக்கு நடுவே எதையாவது வெட்டினால் அந்த ஓட்டையில் இந்த வெறும் அறையை வைத்து நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர் காதுக்குப் பள்ளத்தில் விழுந்தது மாதிரி இருக்கும். ஆளில்லாத அறைக்கும் ஒரு சத்தம் இருக்கிறது. அந்த அரை நிமிஷம் எனக்குப் பிடிக்காது.

ஊருக்குச் சொல்வது பாட்காஸ்ட். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு ஆள் என்னோடு பேசுவது. அதை எனக்கு நானே அப்போது சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் திங்கட்கிழமையே அடுத்த சனிக்கிழமைக்கு என்ன பேசலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். ஆபீஸில் யாராவது கோணல்மாணலாக ஏதாவது செய்தால் கோபம் வருவதற்குப் பதில், இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது முக்கியமாகவே இல்லை.

அவள் வீடுதான் பிரச்சினை. ஹால் முழுக்க மார்பிள், பேசினால் கோயில் மண்டபம் மாதிரி எதிரொலிக்கும். படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் உட்காரச் சொன்னேன். "வேர்க்குதுடி, என் பிளவுஸ் வேர்க்குதா என் மாமியார் பிளவுஸ் வேர்க்குதான்னே தெரியல" என்றாள். அப்படியும் மாமியார் கூப்பிடுவார், குக்கர் கத்தும், மகள் கதவைத் தட்டுவாள். என் பேச்சுக்கு நடுவே இதெல்லாம் காதில் விழுந்தால் எனக்கு நூல் அறுந்துவிடும். திட்டினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், உனக்குப் பேச வரல, என் வீட்ட குத்தம் சொல்ற" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு வழி சொன்னேன்: "நான் பேசிட்டிருக்கும்போது வீட்டுல யாராச்சும் வந்தா மியூட் போட்டுரு. பேசிட்டு எடுத்துக்க." அதற்கு அப்புறம் என் காதுக்கு அவள் வீடு அமைதியாயிற்று.

இன்னொன்றும் சொல்லியிருந்தேன். பதிவை வெட்டாதே, ஒட்டாதே, கேட்டுக்கூடப் பார்க்காதே, அப்படியே எனக்கு அனுப்பு என்று. முன்பு ஒரு தடவை அவளே சுத்தம் செய்கிறேன் என்று கையை வைத்து முழுவதையும் கெடுத்துவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலத்துக்குள் அவள் பக்கத்துப் பதிவு முழுதாக வந்து சேர்ந்துவிடும். அவள் பேசாத இடங்களில் அதை நான் கேட்பதில்லை. அந்த இடங்களை மொத்தமாக அமுக்கி மௌனமாக்கிவிட்டு மேலே போவதுதான் வழக்கம்.

அந்த வாரம் பேசியது, கல்யாணத்துக்குத் தனியாகப் போவதைப் பற்றி. என்னுடைய விஷயம், அதனால் நான்தான் அதிகம் பேசினேன். டேவான் மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மிச்சப் பேரைத் தேடுவதைச் சொன்னேன். ஒற்றை ஆளைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் பக்கத்து மேசையில், யாருக்கும் தெரியாத யாரோ ஒரு குடும்பத்தோடு உட்காரவைப்பதைச் சொன்னேன். அப்புறம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, டிவி ரிமோட் என்னுடையது, கறியில் காரம் என்னுடைய இஷ்டம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று. நன்றாகப் பேசினேன். பேசும்போதே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியோடு உட்கார்ந்து இரண்டு பதிவையும் பொருத்தினேன். அவள் பதிவில், நான் பேசுகிற நீளமான இடத்துக்கு நேராக, படுத்துக்கிடக்க வேண்டிய கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன. காற்றாடியைப் போட்டுவிட்டாளா என்று பார்க்க, என் குரலை அடைத்துவிட்டு அவள் குரலை மட்டும் திறந்தேன்.

கதவு திறக்கும் சத்தம். அவள் கணவர் குரல், தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக: "இன்னும் முடியலயா? உங்கம்மாவப் பாக்கப் போகணும்னு நீதான சொன்ன?"

பிறகு அவள், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில்: "கொஞ்ச நேரங்க. பாவம்லா அவ. என்ன விட்டா அவளுக்குப் பேச யாரு இருக்கா? வாரத்துல ஒரு நாளுதான, முடிச்சிட்டு வந்துர்றேன்."

"போன வாரமும் இதான் சொன்ன."

"அதுக்கு என்ன பண்றது. நான்தான ஆரம்பிச்சு வச்சேன், நானே எப்படி நிறுத்துறது."

கதவு சாத்தியது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். கொஞ்சம் கழித்து, "ஆமா ஆமா, ஸ்பீக்கர் பக்கத்துலதான் போடுவாங்க" என்று என்னோடு சிரித்தாள்.

அவள் மியூட் போட்டிருந்தாள். போட்டது மடிக்கணினியில். பதிந்துகொண்டிருந்த போன் அது பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது. மியூட் போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவள் நினைத்திருக்கிறாள். நிற்காது என்று நான் சொல்லவில்லை. இது யாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அதுதான். முதலில் வந்தது கோபம். பாவமா, நானா? சம்பாதிக்கிறேன், சொந்த வீடு, சொந்த கார், யாரிடமும் போய் நின்றதில்லை. என் குரலைத் திறந்து இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். தனியாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்கிற இடமும், பாவம்லா அவ என்று அவள் சொல்கிற இடமும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. அதற்குமேல் கேட்க முடியவில்லை. காப்பி ஆறிப்போயிருந்தது, அதைக் கொட்டிவிட்டு வந்தேன்.

கோபத்தைத் தக்கவைக்க ஏதாவது கிடைக்கும் என்று பழைய பதிவுகளைத் திறந்தேன். கிடைக்கவில்லை. ஒன்றில் பயிற்றங்காயை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் மாமியாரிடம் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றில் யாரிடமும் பேசவில்லை, ஆனால் மியூட்டில்தான் இருந்திருக்கிறாள், நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்று எனக்குக் கேட்டிருக்காது. கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருத்தி பொய்யாகச் சிரிக்க மாட்டாள். அவளுக்கு என்மேல் பிரியம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. இருந்தும் அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை. மஸ்ஜித் தானா ஊரில் தன் தம்பி வீட்டில் இருக்கிற அம்மாவைப் பார்க்கப் போக வேண்டிய சனிக்கிழமையை எடுத்து எனக்குப் போட்டிருக்கிறாள். எனக்குச் சொந்தம் என்று நான் நினைத்திருந்த ஒரே ஒரு மணி நேரம் அது.

அந்த இடத்தை வெட்டினேன். என் குரலுக்குக் கீழே என்னுடைய வெறும் அறையின் சத்தத்தை வைத்து நிரப்பினேன். ஒட்டுப்போட்ட இடம் யாருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தமாக வந்தது. வெளியிட்ட அன்றே சிரம்பானிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள், உங்களைப்போல் தனியாக இருக்க எனக்கும் தைரியம் வேண்டும் என்று. நன்றி என்று பதில் போட்டேன்.

புதன்கிழமை ஆபீஸ் முடிந்து காரில் உட்கார்ந்தபடியே அவளைக் கூப்பிட்டேன்.

"சனிக்கிழமை ரெக்கார்டிங் கொஞ்ச நாளைக்கு வேணாம்டி. எனக்கு கிளாஸ் இருக்கு."

"என்ன கிளாஸ்?"

"கேக் கிளாஸ். டவுன்ல ஒரு அம்மா சொல்லித் தர்றாங்க. சனிக்கிழமை மட்டும்தானாம். ரெண்டுலேர்ந்து நாலரை வரைக்கும்."

"நீயா? கேக்கா? உனக்கு கேக்குன்னாலே ஆகாதே."

"இப்ப ஆகுது."

 மியூட் இல்லை, அவள் பக்கத்தில் டிவி கேட்டது. பிறகு, "நல்லதுதான்டி. வீட்டுலயே கிடக்காத, நாலு பேரோட பழகு" என்றாள். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு வெளியே போயிற்று. வேறு யாராக இருந்தாலும் அது காதில் விழுந்திருக்காது. இத்தனை மாதம் அவள் மூச்சையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? பாரம் இறங்குகிற மூச்சு அது. "அப்ப இந்த சனிக்கிழம அம்மாவப் போயி பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள். "போயிட்டு வா, நான் கேட்டேன்னு சொல்லு" என்றேன். சரியாகத்தான் செய்தோம் என்று நினைத்தபடி வண்டியை எடுத்தேன். வீடு வருகிறவரை அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை சமைத்தேன், சாப்பிட்டேன், வீட்டைக் கூட்டினேன். ரெண்டு மணிக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அம்மாவின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். தோத்தோ மெத்தைகளை எடுத்து மடித்துவைக்கலாம் என்றுதான் போனேன். காற்றாடியைக்கூடப் போடவில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

கையில் எடுத்தேன். அறைக்குள் எதிரொலி இல்லாததால் அந்த மணிச்சத்தம் முகத்துக்கு நேராகப் பேசுவது மாதிரி இருந்தது. பச்சையை அழுத்த விரல் போய்விட்டது. அழுத்தினால் என்ன சொல்வது? கேக் கிளாஸில் இருக்கிறவள் போனை எடுப்பாளா? எடுத்தால்தான் பின்னால் என்ன சத்தம் கேட்கும்? நாலு பொம்பிளைகள் பேச வேண்டும், மாவு அடிக்கும் மிஷின் ஓட வேண்டும். மலாக்காவிலேயே சத்தமில்லாத அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஏன் அடிக்கிறாள், அம்மாவைப் பார்க்கப் போகவில்லையா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுதியிருந்தாள்.

"மறந்தே போச்சுலா, உனக்கு கிளாஸ் இருக்குல்ல. அம்மா வீட்டுலதான் இருக்கேன். மணி ரெண்டு ஆனதும் பழக்கத்துல அடிச்சிட்டேன். ஒண்ணு சொல்லணும், கேட்டா சிரிப்ப. முடிஞ்சதும் கூப்புடு."

அப்போது மணி ரெண்டரைகூட ஆகவில்லை. கிளாஸ் நாலரைக்கு முடியும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு நாலரை ஆகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.